பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது கிலோமீட்டர்

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நான், உங்கள் அத்தை, என் மகள், நேற்று வந்து சேர்ந்த உங்கள் அம்மா, நால்வரும் நலம். உங்கள் காரும் நலம்; அதன் நலத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஆரம்பித்ததுமே "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

கல்யாணத்தன்று ரயில் நிலையத்துக்கு நான் அனுப்பிய கார் நாற்பது நிமிடம் தாமதமாகப் போனதும், உங்கள் அம்மா பெட்டி மேல் உட்கார்ந்து காத்திருந்ததும், அதன் பிறகு மூன்று வருடமாக எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்காததும் உங்களுக்கே தெரியும். வேலை விஷயமாகக் கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்து, "மாமா, அம்மா இப்பதான் மனசு மாறி வராங்க. நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துடுங்க. இதை மட்டும் சொதப்பிடாதீங்க" என்றீர்கள். தலையாட்டினேன். மனசார ஆட்டினேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

குற்றம் பெட்ரோல் குறைந்தால் எரிகிற அந்த மஞ்சள் விளக்கினுடையது. வெள்ளிக்கிழமை அது எரிந்தது. வேறு யாராக இருந்தாலும் பேசாமல் பெட்ரோல் போட்டிருப்பார்கள். நான் முப்பத்தோரு வருடம் குடிநீர்த் தொட்டியின் மட்டம் பார்த்தவன். முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் எங்கள் தொட்டியில் முக்கால் மணி நேரத்துக்குத் தண்ணீர் இருக்கும். பூஜ்யம் வரை திறந்துவிடச் சொல்லும் மேலதிகாரிகளை நம்பாமல் முள்ளை அப்படி வைத்ததே நான்தான். அப்படிப்பட்டவனிடமே ஒரு கார் 'தீரப்போகிறது' என்று விளக்குக் காட்டினால்? அடியில் எவ்வளவு ஒளித்து வைத்திருக்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நோட்டுப் போட்டேன். நூலகம், முடிவெட்டும் கடை, மறுபடி நூலகம் என்று இரண்டு நாள் ஓட்டினேன். ஐம்பத்து நான்காவது கிலோமீட்டரில், இனி ஓடக்கூடிய தூரம் பூஜ்யம் என்று திரை சொன்னது. வண்டி அதைக் காதில் வாங்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலை நிலையத்துக்குப் போகிற வழியில் பெட்ரோல் பங்க் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆறு வண்டி வரிசை. நின்றால் தாமதமாகும், நிற்காவிட்டால் வழியில் நிற்கும். இரண்டும் ஆபத்து என்றான பிறகு ஆராய்ச்சிக்கு எது நல்லதோ அதைச் செய்தேன். பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா தலையை மட்டும் அசைத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறினார். முதல் சிக்னலில் வண்டி சத்தமடங்கியது.

"என்ன சம்பந்தி, நின்னுடுச்சா?"

"இல்லைங்க, இது பெட்ரோல், பேட்டரி ரெண்டுலயும் ஓடுற வண்டி. இப்ப பேட்டரியில ஓடும். அப்பப்ப இஞ்சினைத் தானா அணைச்சுக்கும்."

"அது சரி. அந்த மஞ்சள் லைட்டு?"

முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர். 'மாத்திரை போட்டுட்டேன்' என்ற பொய்யை எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்! உண்மையைச் சொல்லி நோட்டையும் பின்னால் நீட்டிவிட்டேன். அவ்வளவுதான், வண்டியை நிலையத்துக்கே திருப்பச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"ட்ரிப்ஸ் பாட்டில் காலியானாலும் ட்யூப்ல கொஞ்சம் நிக்கும். அது எவ்வளவுன்னு எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம்" என்றார். "பூஜ்யத்துக்கு அப்புறம் எவ்வளவு ஓடியிருக்கு?"

"பதினொண்ணு."

"ஏசியை நிறுத்துங்க."

அடுத்த சிக்னலில் முன்சீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் தெரு வந்தது. "நிறுத்தாதீங்க" என்றார். வாசலில் நின்றிருந்த உங்கள் அத்தை வரவேற்கத் தூக்கிய கை தூக்கியபடியே நிற்க, நாங்கள் கையசைத்துவிட்டுப் போய்விட்டோம். இருபத்தேழில் இஞ்சின் இருமி அடங்கியது. அதற்குமேல் பேட்டரி மட்டும். திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. உங்கள் அம்மா ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துவிட்டு "நீங்க ஓட்டுங்க" என்றார். இப்படி ஓட்டினால் பேட்டரிக்குக் கெடுதல் என்று கையேட்டில் இருப்பதை நான் பிறகுதான் படித்தேன். இருபத்தொன்பதில் ஒரு பேருந்து நிறுத்தத்தின் முன் வண்டி நின்றது.

உங்கள் அத்தை ஆட்டோவில் பெட்ரோல் கேனோடு வர நாற்பது நிமிடம் ஆனது. உங்கள் அம்மா அதே பெட்டியை இறக்கி, அதன் மேல் உட்கார்ந்து, நகர்ந்து எனக்கும் இடம் கொடுத்தார்.

"அன்னிக்கு லேட்டானதுக்கு எனக்குக் கோபம் இல்ல சம்பந்தி. எல்லாரும் மன்னிப்புதான் கேட்டீங்க. ஏன் லேட்டாச்சுன்னு ஒருத்தரும் சொல்லல."

மாப்பிள்ளை, மூன்று வருடமாக உங்கள் அத்தையிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன். டீசல் இல்லை, முள் பூஜ்யத்தில் நிற்கிறது என்று அன்றைக்கு ஓட்டுநர் சொன்னார். பூஜ்யம் என்றால் பூஜ்யமில்லை, தைரியமாகப் போங்கள் என்று அனுப்பி வைத்தவன் நான்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து நோட்டைத் திறந்தார்.

"அது எவ்வளவு ஓடுச்சு?"

"நாலு."

எழுதிக்கொண்டார்.

ஆராய்ச்சி முடிந்தது. விடை: இருபத்தொன்பது. டேங்க்கை வாய்வரை நிரப்பியாயிற்று, சாவி உங்கள் அத்தையின் பீரோவில். இனி என் ஆயுளில் அந்த விளக்கை எரியவிட மாட்டேன் என்று உறுதி கூறி, நீங்கள் நல்ல உடம்போடும் கோபம் இல்லாமலும் திரும்பி வர ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: மேலே உள்ள விடையையும் உறுதியையும் அடித்துவிட்டுப் படிக்கவும். "ஒரே தடவை பாத்த காய்ச்சலை நான் சார்ட்டுல எழுதினதே இல்ல" என்கிறார் உங்கள் அம்மா. பீரோச் சாவியையும் அவரே கேட்டு வாங்கிவிட்டார். சம்பந்தியம்மா கேட்டால் உங்கள் அத்தை என்ன செய்வாள்? டேங்க் நிறைய இருப்பதால் மறுபடி விளக்கு எரிய எப்படியும் ஒரு மாதம் ஆகும். அதுவரை இங்கேதான் இருக்கப்போகிறாராம். திரும்பிப் போகும் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டார்.