அகராதி சுற்றப் போன நேரம்

அகராதி திரும்பி வந்தபோது பிரிவில் ஈ காக்கை இல்லை. மின்விசிறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. தட்டச்சர் மேசையில் பாதி கடித்த பிஸ்கட் கிடந்தது. அகராதி தன் நாற்காலியில் ஒட்டிவிட்டுப் போன துண்டுத்தாளைக் காணோம்.

தினம் ஒரு ஆங்கிலச் சொல்லைப் பிடித்து வந்து எல்லோர் உயிரையும் வாங்குவதால் அவருக்கு வந்த பட்டப்பெயர்தான் அகராதி. இன்னொரு வியாதியும் உண்டு. பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டார். “இன்னொரு தடவை உங்களைத் தேட வச்சீங்கன்னா, வேலையை மறந்துடுங்க” என்று மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

அதனால்தான் இன்று ஒழுங்காக எழுதி ஒட்டிவிட்டுப் போனார்: ‘டைவகேட் செய்யப் போகிறேன்.’

தபால் பிரிவு அக்காவுக்குப் போன் போட்டார்.

“எல்லாரும் எங்கக்கா?”

“உங்களைத் தேடித்தான். அது என்ன சார் வார்த்தை? யாருக்கும் புரியல. புரியலன்னு சொல்லவும் யாருக்கும் வாய் வரல. மேனேஜர்தான், தப்பான முடிவு எடுத்துட்டாருன்னு மொட்டை மாடிக்கு ஓடினார்.”

“சும்மா சுத்திட்டு வரேன்னுதாங்க்கா அர்த்தம்.”

“அதை அப்படியே எழுதினா கை வலிக்குமா?”

அகராதி மொட்டை மாடிக்கு ஓடினார். யாரும் இல்லை. கீழே எங்கோ அவரைக் கூப்பிடும் குரல்கள் கேட்டன. “இதோ வரேன்” என்று கத்திக்கொண்டே தரைத்தளம் வரை இறங்கினார். அங்கேயும் யாரும் இல்லை. இப்போது குரல்கள் மேலே, அவருடைய பிரிவிலிருந்தே கேட்டன. பதில் சொல்ல வாயெடுத்தார்.

“இதோ வரேன்” என்று மேலேயிருந்து பதில் வந்தது. அவர் குரல்தான். அவருடைய ஜலதோஷம் கூட அதில் இருந்தது.

எதிரொலி என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு மேனேஜரின் சிரிப்பும் ஏழெட்டுப் பேரின் கைதட்டலும் கேட்டன.

மறுபடி மேலே ஓடினார். பிரிவின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது, யாரும் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம் போய், பெயர் வைக்கத் தெரியாத பயம் ஒன்று வந்தது. அதற்கு அவரிடம் எந்த மொழியிலும் சொல் இல்லை.

கீழே இறங்கி வாசல் காவலாளியிடம் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“மேல போய் மேனேஜர்கிட்ட சொல்லுப்பா. நான் இங்கதான் இருக்கேன், தேட வேண்டாம்னு.”

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“பதறாதீங்க சார், நீங்க கிடைச்சுக் கால் மணி நேரமாச்சு. இனிமே நாற்காலியை விட்டு எந்திரிக்கவே மாட்டேன்னு மேல உட்கார்ந்து எழுதிக் கொடுத்துக்கிட்டு இருக்கீங்க.”