ஒரு சொட்டும் குடிக்காத பள்ளி

மாணவர்களுக்குக் குரல் இல்லை என்பதை மேலிடம் ஒரு ஜூன் மாதத்தில் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு சுற்றறிக்கையும் வந்துவிட்டது. ஒவ்வொரு பள்ளியும் மாதம் ஒரு செய்தித்தாள் வெளியிட வேண்டும். அதற்கு 'மாணவர் குரல்' என்று பெயர் வைக்க வேண்டும். அதைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்பதுபோலப் படம் எடுத்து, ஐந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் செயலியில் ஏற்ற வேண்டும். குரல் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்குப் பதினாறு பக்க இணைப்பும் இருந்தது.

கோம்பைக்கும் மலைக்கும் நடுவில் குதிரைமேட்டுப்பட்டி என்றொரு ஊர். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் இந்த வேலை பத்தாம் வகுப்பு வேல்விழியின் தலையில் விழுந்தது. அவள் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. 'ஆசிரியர்: வெ. வேல்விழி' என்று முதல் பக்கத்தில் தன் பெயரைத் தானே எழுதிப் பார்த்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நிஜமாகவே பத்திரிகை நடத்தப் போகிறோம் என்று நம்பிவிட்டாள். பதினைந்து வயதில் அது மன்னிக்கத் தக்கதுதான்.

செய்தி தேடி அவள் அலைய வேண்டியிருக்கவில்லை. அது வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது. ரோஸ் கலர் சுவர், வாசலில் மஞ்சள் துணி போர்த்திய கல்வெட்டு, கதவில் பெரிய பூட்டு. பெண்பிள்ளைகளுக்கான புதிய கழிப்பறை. கட்டி முடித்து எட்டு மாதமாகிவிட்டது. இதற்கு இடம் வேண்டும் என்று பழையதை இடித்தும் விட்டார்கள். ஒரு பெரிய மனிதர் வந்து ரிப்பன் வெட்டுவது ஒன்றுதான் பாக்கி. முதல் தடவை தேர்தல் வந்ததால் அவர் வரவில்லை. இரண்டாம் தடவை மழை வந்தது. மூன்றாம் தடவை, திறக்கப் போவது கழிப்பறை என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

பள்ளியில் பெண்பிள்ளைகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கொஞ்ச நாள் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்குள் ஒதுங்கிப் பார்த்தார்கள். தோட்டக்காரர் மொக்கைச்சாமி காவலுக்கு ஒரு கோம்பை நாயை வாங்கிக் கட்டினார். அதற்கு இடைவேளை மணி, இரக்கம் இரண்டும் தெரியாது. கடைசியில் பெண்பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை.

'பெண்கள் கழிப்பறை எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது' என்று வேல்விழி தலைப்புச் செய்தி எழுதிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

தலைமையாசிரியர் முத்துராமலிங்கம் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடமும் பள்ளியில் எதுவும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே அவர் வேண்டுதல்.

"ஏம்மா, இது செய்தியா?"

"நெசந்தான சார்?"

"நெசமெல்லாம் செய்தியாகிருமா? இணைப்புல ஒம்பதாம் பக்கம் பாரு. செய்தி நேர்மறையா இருக்கணும்னு போட்டிருக்காக."

"பூட்டிக் கெடக்குறத எப்படி சார் நேர்மறையா எழுதுறது?"

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, முப்பத்திரண்டு வருட அனுபவம். 'பெண்கள் கழிப்பறை எட்டு மாதமாகப் பாதுகாப்பாக வைக்கப்பட்டுள்ளது' என்று திருத்தினார்.

"சார், சாவி உங்க மேசையிலதான இருக்கு. தொறந்துவிட்டா என்ன சார்?"

"தொறந்துட்டா, அப்புறம் அவுக வந்து எதத் தொறப்பாக?"

வேல்விழி திருத்திய தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

'மாணவர் குரல்' ஒரே ஒரு பிரதி அச்சானது. கலர் அச்சு, பளபளவென்று லேமினேஷன். இரண்டு பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தார்கள். படம் ஏறியதும் குரலைச் சுருட்டி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டாவது மாதம், 'திறப்பு விழாவை ஆவலுடன் எதிர்நோக்கும் எழில்மிகு கட்டடம்' என்று செய்தி வந்தது. அதுவும் பீரோவுக்குள் போனது.

ஆகஸ்டில் விஜி படுத்துவிட்டாள். வேல்விழியின் பக்கத்து பெஞ்சுக்காரி, கணக்கில் வகுப்பிலேயே முதல். நீர்க்கடுப்பு, காய்ச்சல். டாக்டர் ஊசி போட்டு, நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மறுவாரம் விஜி இரண்டு லிட்டர் பாட்டிலோடு பள்ளிக்கு வந்தாள். சாயங்காலம் அப்படியே நிறைபாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"குடிக்கலயாடி?" என்றாள் வேல்விழி.

"குடிச்சிட்டு எங்கன போக? மொக்கைச்சாமி நாய்கிட்டயா?" விஜி பாட்டிலைப் பைக்குள் திணித்தாள். "எங்கம்மா தீவாளி வரைக்கும்தான் பாக்குமாம். அப்புறம் ஏலக்காய்க் காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருமாம். அங்கன மறைவாச்சும் இருக்குன்னு சொல்லுது."

"தீவாளிக்குள்ள தொறக்க வச்சிர்றேன்."

"எப்படி?"

"எழுதித்தான்."

விஜி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் நம்பினாள். சிநேகிதி பேச்சை நம்பாமல் வேறு யார் பேச்சை நம்புவது?

அன்று வேல்விழிக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. நிஜத்தை எழுதினால் திருத்துகிறார்கள். சரி, அவர்கள் பாஷையிலேயே எழுதிவிடுவோம், படிக்கிறவர்களுக்கு வெட்கமாவது வரட்டும் என்று உட்கார்ந்தாள். 'தாகத்தை வென்ற தளிர்கள்' என்று தலைப்பு வைத்தாள். 'நீரின்றி அல்லலுறும் இக்காலத்தில், எம் பள்ளி மாணவியர் இருநூற்றுப் பன்னிருவர் காலை முதல் மாலை வரை ஒரு சொட்டு நீரும் அருந்தாமல், நாளொன்றுக்கு நானூற்று இருபத்து நான்கு லிட்டர் குடிநீரைச் சேமித்து நாட்டுக்கு அர்ப்பணிக்கின்றனர். இவ்வரிய சாதனைக்குப் பேருதவி புரிந்துவரும் பூட்டு ஒன்றுக்கும் நாய் ஒன்றுக்கும் நன்றி தெரிவித்துக்கொள்கிறோம்.'

தமிழாசிரியை ஹேமாவதி அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஏத்தா, இது கிண்டல்னு கண்டுபிடிச்சாகன்னா என்னையத் தூக்கி மயிலாடும்பாறைக்கு மாத்திப் போட்ருவாக."

"கண்டுபிடிக்கட்டும் டீச்சர். கண்டுபிடிச்சாத்தான தொறப்பாக."

ஹேமாவதி டீச்சர் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தார். அவரால் செய்ய முடிந்த வீரம் அவ்வளவுதான், அதுவே பெரிது.

முத்துராமலிங்கம் சார் கட்டுரையை இரண்டு தடவை படித்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்பத்தாம்மா உனக்கு எழுத்து கைவந்திருக்கு" என்றார்.

பள்ளி வரலாற்றில் முதல்முறையாக 'மாணவர் குரல்' மாவட்டத்தில் ஒருவரால் படிக்கப்பட்டது. படித்தவர் கிறிஸ்டோபர், 'குரல்' இணைப்பு அலுவலர். அவருக்கும் மாதம் ஒரு சாதனையை மேலே அனுப்பியாக வேண்டிய நிர்ப்பந்தம் இருந்தது. மறுநாளே ஜீப்பில் வந்து இறங்கினார்.

"மத்தியானமும் குடிக்கிறதில்லையாம்மா?" என்று வேல்விழியைக் கேட்டார்.

"இல்லைங்க ஐயா."

"சாப்பிடும்போது?"

"விக்குனா மட்டும் ஒரு மொடக்கு."

'விக்கலுக்கு விலக்கு உண்டு' என்று அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். இவருக்குக் கிண்டல் புரியவில்லை என்பது வேல்விழிக்குப் புரிந்துவிட்டது.

"ஐயா, அங்கன பாருங்க. பூட்டு தொங்குது. அதுனாலதான் குடிக்கிறதில்ல."

கிறிஸ்டோபர் ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆக, அதுதான் கட்டுப்பாட்டுக் கருவி" என்றார். இறங்கிப்போய்ப் பூட்டை நாலு கோணத்தில் படம் எடுத்தார். நாயையும் எடுக்கப் போனார். நாய் ஒத்துழைக்கவில்லை.

பத்தே நாளில் 'தாகக் கட்டுப்பாட்டு இயக்கம்' பிறந்தது. அதற்கு ஒரு சின்னம், ஒரு உறுதிமொழி, கொண்டாட ஒரு வாரம், நீல நிறத்தில் ஒரு டீ-ஷர்ட். பிள்ளைகள் மட்ட மத்தியானத்தில் விழிப்புணர்வுப் பேரணி போனார்கள். வெயிலில் மயங்கி விழுந்த மூன்று பேருக்கு உறுதிச் சான்றிதழ் கிடைத்தது. வேல்விழியின் கட்டுரை வாட்ஸ்அப்பில் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றியது. படித்தவர்கள் எல்லாரும் கை கூப்பினார்கள், கட்டைவிரல் தூக்கினார்கள், 'நம்ம ஊருப் புள்ள' என்று பெருமைப்பட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்டார்கள். கதவைப் போய்ப் பார்த்தவர் யாருமில்லை. இயக்கத்துக்காக எல்லாப் பள்ளிகளுக்கும் போன சுற்றறிக்கையின் நான்காம் பத்தியையும் யாரும் படிக்கவில்லை.

வேல்விழிக்கு அது ஒரு கடிதம் வழியாகத்தான் தெரிந்தது. 'ஆசிரியருக்கு' என்று உறையில் எழுதி வந்த முதல் வாசகர் கடிதம். ஆசையாகப் பிரித்தாள். தேவதானப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் இருளம்மாள் எழுதியிருந்தாள்.

'அக்கா, ஒங்க கட்டுரைய எங்களுக்குப் பிரேயர்ல வாசிச்சாக. எங்க பள்ளிக்கூடத்துல கக்கூசு நல்லாத்தான் இருந்துச்சு. கழிப்பறை திறந்துள்ள பள்ளிகள் உடனே பூட்டிப் படம் அனுப்பணும்னு நாலாம் பத்தியில இருக்காம். நேத்துப் பூட்டிட்டாக. நீங்க எப்படிக்கா தாங்குறீங்க? வழி சொன்னா நாங்களும் செய்வோம்.'

வேல்விழி அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தன் பள்ளிக் கதவைத் திறக்கப் போய், ஊர் உலகத்துக் கதவை எல்லாம் சாத்திவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வாரமே தீபாவளி வந்து போனது. லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று பக்கத்து பெஞ்சு காலியாக இருந்தது. விஜி விடிகாலை ஜீப்பில் அவள் அம்மாவோடு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறிப் போனதைப் பார்த்ததாக ஒரு பிள்ளை சொன்னாள்.

கட்டுரையைப் பீரோவிலிருந்து எடுத்துச் சுக்குநூறாகக் கிழிக்கலாம் என்று பார்த்தால் லேமினேஷன் கிழியவில்லை.

டிசம்பரில் பாராட்டு விழா. பந்தல், மைக்செட், வாழைமரம். பூட்டுக்குச் சந்தனம் தெளித்து மாலை போட்டிருந்தார்கள். கிறிஸ்டோபர் பதவி உயர்வோடு வந்திருந்தார். சிறந்த பள்ளிக்கான கேடயத்தை முத்துராமலிங்கம் சார் பெற்றுக்கொண்டார். அடுத்து, தாகக் கட்டுப்பாட்டில் முதலிடம் பெற்ற மாணவி யார் என்று அறிவித்தார்கள்.

"கடந்த ஒரு மாத காலமாகப் பள்ளியில் ஒரு சொட்டு நீரும் அருந்தாதவர் என்று பதிவேட்டின்படி கண்டறியப்பட்ட மாணவி விஜி."

கைத்தட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மாணவி வர இயலாததால் பரிசை அவள் தோழி பெற்றுக்கொள்வாள் என்றார்கள். பரிசு, இரண்டு லிட்டர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்.

வேல்விழி வாங்கிக்கொண்டாள். ஆசிரியர் என்ற முறையில் அவள் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றும் இருந்தது. ஹேமாவதி டீச்சர் எழுதிக் கொடுத்த உரை கையில்தான் இருந்தது. அவள் அதை மடித்துப் பாட்டிலுக்குள் போட்டு மூடினாள். நேர்மறை, எதிர்மறை, கிண்டல் எதுவும் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டாள். இத்தனை மாதப் பத்திரிகை வேலையில் அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

"எங்க பள்ளிக்கூடத்துல பொம்பளப்பிள்ளைக கக்கூசு பூட்டிக் கெடக்கு" என்றாள் மைக்கில். "அதுனால நாங்க தண்ணி குடிக்கிறதில்ல. விஜிக்கு நோவு வந்து படிப்ப விட்ருச்சு, ஏலக்காய்க் காட்டுல இருக்கு. சாவி பெரிய சார் மேசையில, மேல் டிராயர்ல இருக்கு. தொறந்துவிடுங்க."

கிறிஸ்டோபர் மேசையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததும் சிரிக்கலாம் போலிருக்கிறது என்று மேடையில் எல்லாரும் சிரித்தார்கள். முத்துராமலிங்கம் சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"இது கிண்டல் இல்லைங்க ஐயா" என்றாள் வேல்விழி.

சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. பெற்றோர் பகுதியில் ஒருவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "முகத்துல ஒரு சிரிப்புகூட இல்லாமச் சொல்லுதே, அதுதான் திறமை" என்றார் கிறிஸ்டோபர் பக்கத்திலிருந்தவரிடம். அடுத்த மாநில அளவிலான நகைச்சுவைப் பேச்சுப் போட்டிக்கு இந்தப் பிள்ளையின் பெயரைப் பரிந்துரைப்பதாக மைக்கை வாங்கி அறிவித்தார்.

பந்தலின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் முழங்காலை இறுக்கிக்கொண்டு, அளவாகத்தான் சிரித்தார்கள். விழா முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.