நூறு சதவீதப் பேச்சுப் பயிற்சி

வடக்கு மினசோட்டா,
ஜனவரி மாதம்.

அன்புள்ள இங்க்ரிட் அக்காவுக்கு, தம்பி ஆர்விட் எழுதுவது. இங்கே பனி முழங்கால் வரை. மற்றபடி எல்லாரும் சுகம். அத்தானின் முதுகுவலி எப்படி? உன் மகன் நில்ஸ், உங்கள் பள்ளிப் பேச்சுப் பயிற்சி டீச்சர் ஓபெர்க் புண்ணியத்தில் இப்போது வாய் ஓயாமல் பேசுகிறானாமே, அந்த மகராசிக்கு என் வணக்கத்தைச் சொல்.

என் பொண்ணு பிர்ஜித் கதைதான் பெருங்கதை. ஏழு வயசாகியும் அவள் பேச்சு எங்களைத் தவிர யாருக்கும் புரிவதில்லை. மற்ற பிள்ளைகள் சிரித்ததிலிருந்து பள்ளியில் வாயே திறப்பதில்லை. பேச்சுப் பயிற்சி டீச்சர் போன கோடையிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். ஆனால் எங்கள் பள்ளி மாவட்டத்தின் சிறப்புக் கல்வி அறிக்கையில் 'பேச்சுப் பயிற்சி: இலக்கு நூறு சதவீதம் எட்டப்பட்டது' என்று போட்டிருக்கிறது. "டீச்சரே இல்லையே, எப்படிங்க?" என்று இயக்குநர் ஹால்வர்சன் அம்மாவிடம் கேட்டேன். "டீச்சர் இல்லாததால யாருக்கும் பயிற்சி திட்டமிடலை. திட்டமிட்டது அத்தனையும் நடந்துடுச்சு" என்றார், சிரித்த முகத்தோடு. எனக்கு வந்த கோபத்துக்கு "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, அடுத்த ஆண்டுத் திட்டத்துக்குப் பெற்றோர் கருத்தைக் கேட்கும் பொதுக்கூட்டத்தில் ஒரு கை பார்த்துவிடுவோம் என்று போனால், பெற்றோர் என்று வந்தவன் நான் ஒருத்தன்தான். நம்ம ஜனங்களுக்குக் குறை சொல்வது மரியாதைக் கேடு, உனக்குத் தெரியாததா? என்னைக் கண்டதும் எல்லாரும் எழுந்து கைதட்டி எலுமிச்சை கேக் கொடுத்தார்கள். போன வருஷம் ஒருத்தரும் வரவில்லையாம். 'பெற்றோர் பங்கேற்பில் பெரும் முன்னேற்றம்' என்று அங்கேயே எழுதிக்கொண்டார்கள். பேச மூன்று நிமிஷம். தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டதிலும் கேக்கைப் புகழ்ந்ததிலுமே பெரும்பகுதி போய்விட்டது. மணியடிக்கும்போதுதான் பொறுக்கமாட்டாமல், "எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல ஊமை மாதிரி உக்காந்திருக்கா. அக்கா ஊர்ல ஓபெர்க்னு ஒரு டீச்சர், அவங்களால என் மருமகன் கதைகதையாப் பேசறான். நமக்கு மட்டும் ஏன் அப்படி ஒருத்தர் வாய்க்கலை?" என்று கேட்டுவிட்டேன். "பேரை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் ஹால்வர்சன் அம்மா. சொன்னேன். கூட்டம் கலைந்தது.

இவங்களை நம்பிப் பிரயோசனம் இல்லை அக்கா. கோடையில் உன் ஊருக்கே குடிவந்து, பிர்ஜித்தை நில்ஸ் படிக்கும் பள்ளியிலேயே சேர்த்துவிடுவதென்று அவள் அம்மா மார்த்தாவும் நானும் முடிவு பண்ணிவிட்டோம். மாடியறையை ஒழித்து வை. கர்த்தர் உங்கள் மூவரையும் ஒரு குறையுமின்றி வைப்பாராக.

உன் தம்பி,
ஆர்விட்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஹால்வர்சன் அம்மா போன் செய்தார். டீச்சர் கிடைத்துவிட்டாராம், திங்கட்கிழமை வருகிறாராம். பிர்ஜித் வீடெல்லாம் குதிக்கிறாள். மாடியறை வேண்டாம். டீச்சர் பேர் என்ன என்று கேட்டேன். உனக்குத் தெரிந்த பேர்தான், அக்கா. நில்ஸ் முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, ஆனாலும் வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துவிடு. இனி உங்கள் மாவட்ட அறிக்கையிலும் நூறு சதவீதம் என்றுதான் வரும்.