எடையில்லாத சைக்கிள்

சைக்கிள்காரர்கள் எல்லோரும் சாலை வரி கட்டியே தீர வேண்டும் என்று என் அப்பா முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டிய இடம், குளியலறை. வெளியே வந்தபோது தலையில் நுரை மிச்சம் இருந்தது. கொள்கையில் மட்டும் துளி சந்தேகம் மிச்சமில்லை.

காரணம், அவர் புதிதாக வாங்கிய பழைய கார். அதன் பக்கக் கண்ணாடியை எவனோ ஒரு சைக்கிள்காரன் உரசிவிட்டுப் போய்விட்டான். ஒருவன் உரசினால் உலகமே கட்ட வேண்டுமாம்! இது எந்த ஊர் நியாயம்?

"ரோட்டுல ஓடுறவன் ரோட்டுக்குக் கட்டணும். நான் கட்டுறேன்ல?"

"ரோடு போடுறது எல்லாரோட வரியிலயும்தான்ப்பா. சைக்கிள்ல போறவங்க சோப்பு வாங்குறதில்லையா? அதுல வரி இல்லையா? உங்க தலையில இருக்கிற நுரைக்குக்கூட வரி கட்டியாச்சு."

"பாத்தியா! ஃபீஸ் கட்டிப் படிக்க வெச்சது நான். மடக்குறதும் என்னையே."

"சைக்கிள் ரோட்டுல குழி போடுதா? புகை விடுதா?"

"இடத்தை அடைக்குதே!"

"உங்க கார் நாள் பூரா தெருவுல தூங்குதே, அது?"

"அது சும்மா நிக்குது. சும்மா நிக்கிறதுக்கு எவனாவது வரி போடுவானா?"

எனக்குக் கோபத்தில் காதில் புகை வந்தது. அதற்கும் வரி கேட்பாரோ என்று அடக்கிக்கொண்டேன்.

இந்த வீட்டில் சைக்கிள் ஓட்டுவது ஒரே ஆள்தான். அம்மா. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். கார் நுழையாத சந்துகளில்தான் அவளுக்கு நோயாளிகள் அதிகம். அப்பாவின் திட்டமோ வேறு. வரி வந்தால் சைக்கிளை விற்றுவிடலாம். அம்மாவைக் காரில் முன்சீட்டில் உட்கார வைத்து ஊர்வலம் விடலாம். கார் வாங்கினால் நாலு பேர் பார்க்க வேண்டாமா?

"நீயாவது சொல்லும்மா!" என்றேன்.

கட்டுத் துணிச் சுருளைச் சுற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்: "அப்பா சொல்றது நியாயமாத்தான் இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்கு அதைவிட. இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அந்த வாக்கியத்தை அவர் கேட்டதில்லை.

"ஆனா ஒண்ணுங்க. லாரிக்கும் சைக்கிளுக்கும் ஒரே வரியா போடுவாங்க? ஒரு கணக்கு வேணாமா?"

அப்பா மலர்ந்தார். அவருக்கு எடைமேடையில் வேலை. லாரி ஏறி நிற்கும், சிவப்பு எண் எரியும், அப்பா சீட்டு எழுதுவார். அதனால் உலகத்தையே அவர் கிலோவில்தான் பார்ப்பார். என் முதல் பிறந்தநாள் படத்தைக் காட்டினால்கூட, "அப்போ ஒன்பது கிலோ" என்பார். ஊரில் அவருக்குப் பெயரே டன்னு அண்ணன்.

"எடைக்கு ஏத்த வரி!" என்று தொடையில் தட்டினார். "மனுஷன் பொய் சொல்லுவான். என் மேடை சொல்லாது!"

"அப்போ சர்க்காருக்கு மனு போடத் தெருச் சங்கம் வேணும்ல? அவங்களை அங்கயே கூட்டிட்டுப் போய் அளந்து காட்டிடுங்களேன். வாயால சொன்னா யாரு நம்புவா?"

அன்று முழுவதும் நான் அம்மாவோடு பேசவில்லை. வீட்டுக்குள்ளேயே கட்சி மாறுகிறவளோடு என்ன பேச்சு?

ஞாயிற்றுக்கிழமை சங்கமே எடைமேடையில் கூடியது. தலைவர், எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர். பின்னால் லாரிகள் வரிசையில் உறுமிக்கொண்டிருந்தன. அப்பா ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, அம்மாவின் சைக்கிளை மேடை நடுவில் நிறுத்தி, விலகி நின்றார்.

பூஜ்யம்.

பெட்டியைத் தட்டினார். பூஜ்யம். சைக்கிளை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். பூஜ்யம், இன்னும் பளிச்சென்று.

"வரி எவ்வளவு வருதுங்க?" என்றாள் அம்மா, ரொம்பப் பணிவாக.

"பூஜ்யத்துக்கு எத்தனை சதவீதம் போட்டாலும் பூஜ்யம்தானேம்மா," என்றார் மருந்துக்கடைக்காரர்.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "இது லாரிக்கான மேடைங்க. அம்பது அம்பது கிலோவாத்தான் தாவும். சின்ன எடை இதுக்குத் தெரியாது."

தாழ்த்தியது போதவில்லை. முதல் லாரியிலிருந்து ஒரு தலை நீண்டது.

"என்னண்ணே, தெரியாதா? போன வாரம் நூறு கிலோ கூடுதல்னு நடுரோட்டுல என் மணலை இறக்க வெச்சீங்களே!"

பின்னால் இன்னும் இரண்டு லாரிக் கதவுகள் திறந்தன.

அப்பா லாரிகளைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். ஒரு பக்கம் கொள்கை, மறுபக்கம் பிழைப்பு. கொள்கை சோறு போடாது.

"யார்யா சொன்னது? என் மேடை இம்மி பிசகாது!"

"அப்போ இந்த சைக்கிள்?"

"அதுக்கு... எடை கிடையாது."

"சத்தியமா?"

"சத்தியமா!"

சொன்ன கையோடு சைக்கிளை இழுத்து அம்மாவிடம் தள்ளினார். தள்ளியவர் மேடையிலேயே நின்றுவிட்டார். சிவப்பு எண் தாவியது: நூறு.

"அய்யய்யோ, நான் தொண்ணூறுதான்!"

"மேடை பொய் சொல்லாதுண்ணே," என்றார் லாரிக்காரர்.

மனு அங்கேயே எழுதப்பட்டது. எடைக்கு ஏற்ற சாலை வரி. சைக்கிளுக்கு இல்லை. காருக்கு, நின்றாலும் உண்டு. முதல் கையெழுத்து, யோசனையைச் சொன்னவர் என்ற மரியாதையில், அப்பாவுடையது.

திரும்பும் வழியில் கேட்டேன். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தினம் மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டு போறேன்ல? சைக்கிளை அந்த மேடை மேலதான் நிறுத்துவேன். அவர் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார். நான் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்ப்பேன்."

தொண்டை கிழிய வாதாடியவள் நான். அம்மா செய்ததெல்லாம் ஒத்துக்கொண்டது மட்டும்.

இப்போது அப்பா காரைக் கிளப்பினால் போதும், மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எத்தனை டன்னுங்க?" என்கிறார். அதனால் அம்மா வேலைக்குப் போகாத நாட்களில் அப்பா போவது சைக்கிளில்தான். நேற்று மேட்டில் மிதித்து வந்து, மூச்சு வாங்க அதைச் சுவரில் சாய்த்தார்.

"அப்பப்பா! என்ன கனம் கனக்குதுடி இந்த சைக்கிள்!"

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சைக்கிளுக்குத்தான் எடையே கிடையாதேங்க."