சோடா பாட்டில் கண்ணாடியும் நாற்பத்தெட்டுப் பல்லும்

ஒரு வியாழக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அந்த மாபெரும் முடிவை எடுத்தேன். இனி என் மனைவி என்னோடு பேசுவாள். பேசியே தீருவாள். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை.

தப்பாக நினைக்காதீர்கள். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. சண்டை இருந்தாலாவது நாலு வார்த்தை பேசியிருப்போம். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும், வீட்டில் இருந்த பேச்சையெல்லாம் பெட்டியில் வைத்து அவளே எடுத்துப் போய்விட்டாள் போலிருந்தது. மிச்சம் மூன்று வாக்கியங்கள். "காபி வச்சிருக்கேன்." "குளிச்சாச்சா?" "லைட்ட அணைங்க." அவ்வளவுதான் ஒரு நாள்.

மதியம் மூன்று மணி ஆனால் அவள் எதிர்வீட்டு நர்ஸம்மா வீட்டுக்குக் கேரம் ஆடக் கிளம்பிவிடுவாள். ஆறு மணி வரை அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும். என் மனைவிக்கு இத்தனை வகைச் சிரிப்பு இருப்பதே அது தெருவைத் தாண்டி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பின்பக்கத்துக் கார் ஷெட்டில் இருப்பேன். ஷெட்தான் உண்டு, கார் கிடையாது. சுவர் முழுக்க ஸ்டியரிங்குகள் தொங்கும். எல்லாம் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுடையவை. வீட்டில் பதினேழு ஸ்டியரிங் இருந்தும் வீடு என்னவோ என் கையில் இல்லை.

இது எந்தக் காருக்கு உள்ளது, எந்த வருஷத்தது, காரோடு பிறந்ததா இல்லை பிற்பாடு எவனோ மாட்டியதா என்று கண்டுபிடிப்பது என் தொழில். அசல் என்று தெரிந்தால் அதைப் பழுதுபார்த்துப் புதுசு மாதிரி ஆக்குவேன். அதற்கு வளையத்தின் அகலத்தை அளக்க வேண்டும். வளையத்தை நடுவோடு இணைக்கும் கம்பிகளை எண்ண வேண்டும். பின்பக்கம் குத்தியிருக்கும் சின்ன எண்ணைப் படித்து, என் நோட்டில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். நடு ஓட்டைக்குள் வரிசையாகப் பற்கள் இருக்கும். காரிலிருந்து வரும் தண்டைக் கவ்விப் பிடிப்பவை அவைதான். அவற்றையும் எண்ண வேண்டும்.

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால் என் மனைவி, "கம்பி எண்றார்" என்பாள்.

கேட்டவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடப்பாவமே, எப்ப வெளியில வருவார்?" என்பார்கள்.

"சாப்பாட்டு நேரத்துக்கு வருவார்."

இப்படிப்பட்டவளிடம், முப்பத்தொரு வருஷம் கழித்து, "கொஞ்ச நேரம் என் பக்கத்துல வந்து உட்காரேன்" என்று எப்படிக் கேட்பது? நானும் ஒத்திகை பார்த்தேன். முதலில் கண்ணாடி முன்னால். பிறகு ஒரு ஸ்டியரிங்கின் முன்னால். ஸ்டியரிங்கே சங்கடப்பட்டது. ஆகவே திட்டம் தீட்டினேன்.

அன்று மூன்று மணிக்கு அவள் செருப்பை மாட்டும்போது ஷெட்டிலிருந்து குரல் கொடுத்தேன்.

"ஏம்மா, இந்த நம்பரக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். கண்ணே தெரிய மாட்டேங்குது."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாளான்னா?"

"இன்னைக்குக் காலையிலருந்து."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அன்று நாங்கள் பேசியதெல்லாம் எண்கள்தான். ஆனாலும் சொல்கிறேன், அவள் வாயால் "எட்டு, ஏழு, ரெண்டு" என்று கேட்டபோது இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். ஒரே வாரத்தில் எண்கள் கேள்விகளாக மாறின.

"இந்தக் கறுப்பு வளையம் ஏன் இப்படி வெடிச்சிருக்கு?"

"உள்ள இரும்பு, மேல கெட்டி ரப்பர். வெயில்ல ரெண்டும் ஒண்ணா வளராது. மேல இருக்கறது விரிசல் விட்டுடும்."

"ஒண்ணா வளரலைன்னா விரிசல்தான்" என்றாள். காரைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். எதிர்வீட்டில் கேரம் ஆட ஆள் இல்லாமல் தவித்த நர்ஸம்மா அவளிடம் கேட்டிருக்கிறாள்: "இவ்வளவு மோசமான கண்ண ஏன் இன்னும் டெஸ்ட் பண்ணல?" மறுநாள் காலையிலேயே என்னைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனாள் என் மனைவி. தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக எப்போது பிடித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அந்தத் தெரு இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாம்.

அந்த மயக்கத்தில் நடிப்பு அளவு மீறிவிட்டது.

"மேல இருக்கற பெரிய எழுத்தப் படிங்க சார்" என்றார் கடைக்காரர்.

"எழுத்து எங்க இருக்கு?"

"பலகையில."

"பலகை எங்க இருக்கு?"

அவர் பயந்துபோய் என் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "இருக்கறதுலயே தடிமனான கண்ணாடியாப் போட்டுடுங்க" என்றாள்.

சோடா பாட்டிலின் அடியை இரண்டாக வெட்டி மாட்டியது போலிருந்தது. அதைப் போட்டால் எனக்கு நிஜமாகவே கண் தெரியவில்லை. கதவு என்று நினைத்து அலமாரிக்குள் நுழையப் பார்த்தேன். அவள் இருக்கும்போது கழற்றவும் முடியாது. அவள் இல்லாத நேரத்தில் கழற்றிவிட்டால் எதிரே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டிய ஆள் பக்கத்தில் இருக்கும்போது அவள் ஒரு மங்கலான நீலப் புடவை மட்டும்தான்.

இந்த நிலையில்தான் பல் டாக்டரம்மா வந்தார். பச்சை நிறத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். கையில் இரண்டு ஸ்டியரிங். ஒன்று பளபளவென்று மர வளையத்தோடு இருந்தது. மற்றது கம்பியெல்லாம் துருப்பிடித்து, கறுப்பு வளையம் எட்டு இடத்தில் வெடித்துக் கிடந்தது.

"இந்த மரத்துலானதுதான் அசல்னு வித்தவர் சொன்னார். கார்ல இருந்த இந்தப் பழச எறிஞ்சுடலாமா?"

மர ஸ்டியரிங்கை மூக்கருகே கொண்டுபோனேன். எண் ஒரு கரப்பான்பூச்சி போல நெளிந்தது. வேறு வழியில்லை. முப்பது வருஷத்து அனுபவத்தைக் குரலில் ஏற்றினேன்.

"சந்தேகமே வேணாம். இதுதான் அசல். அதத் தூக்கிப் போடுங்க."

"போடாதீங்க" என்றது நீலப் புடவை.

"நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?"

"டாக்டரம்மா, பல்லு சரியில்ல."

டாக்டரம்மா கையால் வாயை மூடிக்கொண்டார். "என் பல்லா?"

"ஸ்டியரிங்கோட பல்லு. கார்ல இருந்த இந்தப் பழசுல நாப்பத்தெட்டு இருக்கு. மரத்துல முப்பத்தாறுதான். உங்க கார்த் தண்டுல அது உட்காரவே உட்காராது. பழசுக்குப் பின்னாடி குத்தியிருக்கற நம்பரும் இவர் நோட்டுல உங்க கார் வருஷத்துக்கு நேரா இருக்கு. கம்பி விறைப்பா இருக்கு, துரு மேலோடதான். இதுதான் அசல்."

டாக்டரம்மா தானே எண்ணிப் பார்த்தார். பல் எண்ணுவது அவருக்குப் புதுசா என்ன? நாற்பத்தெட்டு. என் பக்கம் திரும்பாமலே, "இனிமே நான் உங்களத்தான் கேட்பேன்" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஷெட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

"கண்ணாடியக் கழட்டுங்க" என்றாள்.

கழற்றினேன். பல நாள் கழித்து அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. கோபம் இல்லை.

"உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"முதல் நாளே தெரியும். கண்ணு தெரியலைன்னு சொன்ன அன்னைக்குச் சாயங்காலம், நர்ஸம்மா வீட்டு மாடியில காயறது என்னோட துண்டுன்னு இங்கருந்தே சொன்னீங்களே."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"கூப்பிட்டீங்க, வந்தேன். பொய் சொன்னாத்தான் உங்களுக்குக் கூப்பிட வரும்னா, சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டேன்."

"அப்ப இந்தக் கண்ணாடி?"

"பொய் சொன்னா தண்டனை வேணாமா? கம்பி எண்றவருக்கு அது கூடவா தெரியாது?"

நான் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். அவளோடு பேச வேண்டும் என்று அத்தனை பாடுபட்டவன் நான்.

அந்தப் பழைய ஸ்டியரிங்குக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு விரிசலையும் அரத்தால் அகலப்படுத்தி, பசை கலந்து நிரப்பி, காயவைத்துத் தேய்த்தேன். மறுபடி நிரப்பினேன், மறுபடி தேய்த்தேன். கம்பி ஒவ்வொன்றையும் துருநீக்கி மினுக்கினேன். கடைசியில் கறுப்பு வண்ணம் நான்கு பூச்சு. அவள் தினமும் வந்தாள். ஆனால் பாதி நேரம் போனில் இருந்தாள். டாக்டரம்மாவின் கார் நண்பர்கள் எல்லாரும் அவளிடம்தான் சந்தேகம் கேட்டார்கள். தெருவுக்கு அந்தப்பக்கம் கேட்ட அத்தனை வகைச் சிரிப்பும் இப்போது என் ஷெட்டிலேயே கேட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பகல் டாக்டரம்மா பச்சைக் காரோடு வந்தார். ஸ்டியரிங்கை நானே மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்றார். கையைக் கழுவி, சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு ஓடி வந்தேன்.

காரில் மொத்தமே இரண்டு சீட். ஒன்றில் டாக்டரம்மா இருந்தார். இன்னொன்றில் என் மனைவி, தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள்.

"இல்ல... சும்மா... வழியனுப்ப."

கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. தெருமுனை வரை போனது. அங்கே நின்றது. பிறகு மெல்லப் பின்னோக்கி, முழுத் தெருவையும் கடந்து, எனக்காகத் திரும்பி வந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். எங்கே உட்காருவது, எப்படி இடுக்கிக்கொள்வது என்றெல்லாம் கணக்குப் போட்டாகிவிட்டது.

என் மனைவி கையை வெளியே நீட்டினாள்.

"வீட்டுச் சாவியக் குடுங்க. நாங்க வர நேரமாகும், நீங்க தூங்கிப் போயிடுவீங்க."