பெண் பார்க்கக் கொண்டுபோன கல்

பெண் பார்க்கப் போன வீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவனுக்கு ‘அடக்கமான பையன்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். என் விஷயத்தில் அது அடக்கமே இல்லை. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு ஆபீஸ் நண்பர்களோடு கன்னியாகுமரி போயிருந்தேன். எல்லோரும் செல்ஃபி எடுக்க, நான் மட்டும் கரையில் குனிந்து வழவழவென்ற கற்களைப் பொறுக்கினேன். பட்டாபிராம் ஃபிளாட்டுக்குத் திரும்பிய பிறகுதான் இவற்றை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. ஒரு வீடியோவில் ஓர் அம்மாள் கல்லுக்குக் குரோஷா ஊசியால் சட்டை பின்னி, ஆந்தையாக்கி, பேப்பர் வெயிட் என்று மேசையில் வைத்தார். அரை மணி நேர வேலை என்றார். எனக்கு மூன்று வாரம் ஆனது.

ஆவடி மார்க்கெட்டில் மஞ்சள் உல்லனும் கொஞ்சம் சிவப்பும்தான் கிடைத்தன. மஞ்சளில் உடம்பு, சிவப்பில் மூக்கு, கண்களுக்குப் பழைய சட்டையின் வெள்ளைப் பொத்தான்கள். மூக்கு கீழே இறங்க மறுத்து நெற்றியிலேயே நின்றுவிட்டது. காதுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு உச்சியில் கிரீடம் மாதிரி நிமிர்ந்தன. (எனக்கு அது ஆந்தையாகத்தான் தெரிந்தது.)

அந்தச் சமயத்தில்தான் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வரன் வந்தது. பெண் பெயர் சுகந்தி. கைவேலை என்றால் அவளுக்கு உயிர் என்றார் தரகர். ஃபோட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே சிக்கல், அவளுடைய அத்தை. அத்தை தலையாட்டாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது. நாங்கள் சேலத்துக்காரர்கள் என்பதால் அத்தைக்கு எங்களைப் பிடிக்கவில்லை. சுகந்தியையாவது கவரலாம் என்று ஆந்தையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

வாசலிலேயே அத்தை பார்த்துவிட்டார். “கையில இன்னா தம்பி?”

“கன்னியாகுமரியில எடுத்த கல்லுங்க. நானே என் கையால பின்னினேன்.”

அத்தை மஞ்சளைப் பார்த்தார், நெற்றிச் சிவப்பைப் பார்த்தார், வெள்ளைக் கண்களைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதை இரு கைகளாலும் வாங்கிச் சாமி அலமாரியில் வைத்தார். புதுப் பொருளைச் சாமி முன் வைப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் ஆந்தைக்கே குங்குமம் வைத்து, மல்லிகை சுற்றி, கற்பூரம் காட்டியபோதுதான் குழம்பினேன்.

“என்னம்மா இது?” என்றேன் கூட வந்திருந்த அம்மாவிடம்.

“அவங்க வீட்டு வழக்கம்டா. பேசாம கும்பிடு.”

பின்னால் சுகந்தியின் அப்பா யாரிடமோ கிசுகிசுத்தார்: “மாப்ள ஊட்டு வழக்கம் போலகீது.”

கற்பூரம் எரியும்போதே அத்தை உரக்கச் சொன்னார்: “ஆத்தா, நீயே எங்க ஊடு தேடி வந்துகீற. அப்பறம் இன்னா யோசனை? பொண்ணக் குடுத்துட்டோம்!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல காரியத்துக்கு ஆந்தையோடு வந்திருக்கிறேன் என்பதும் கூடவே உறைத்தது.

பெண்ணும் பையனும் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். சுகந்தி முதலில் கேட்டதே, “அது ஆந்தைதானே?”

“ஆமாங்க.”

அவள் சிரித்த சிரிப்பில் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “நானும் அந்த வீடியோ பார்த்துகீறேன். காது தனித்தனியா வரணும்ங்க.”

“இப்பவே கீழே போய் உண்மையைச் சொல்லிடட்டுமா?”

“சொல்லுங்க. ஆந்தைன்னு தெரிஞ்சா அத்தை காப்பி கூடக் குடுக்காம பஸ் ஏத்தி வுட்டுடும். சொல்லலைன்னா கல்யாணம். எது ஓணும்?”

ஆழ்ந்து யோசித்தேன். (அரை நொடி.)

கல்யாணமாகி நாலு வருடம் கழித்து, அத்தையையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வண்டலூர் ஜூவுக்குப் போனோம். ஆந்தைக் கூண்டின் முன் எங்கள் மூன்று வயது மகள் சட்டென்று கைகூப்பி, “சாமி!” என்று கத்தினாள். நான் பின்னியது ஆந்தைதான் என்று குழந்தைக்காவது தெரிந்ததே என ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குள் அத்தை ஆந்தையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சுகந்தி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

“வெள்ளிக்கெழம தவறாம பொட்டு வச்சிகினு கீறேனே மாப்ளே!” என்று அத்தை தலையில் கைவைத்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். “சரி வுடு. கேட்டதெல்லாம் குடுத்துச்சு. ஆந்தையாவே இருந்துட்டுப் போவட்டும்.”

வெள்ளிக்கிழமைப் பொட்டு இன்றும் நிற்கவில்லை. எனக்குத்தான் ‘ஆந்தை மாப்ள’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. போன மாதம் சுகந்தியின் சொந்தத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உறை மேலேயே அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.