உன் டெஸ்ட் மறுபடியும் சிவப்பு

அன்பும் அதட்டலும் குறைவில்லாத என் மனைவிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. நானும் துவைக்கும் இயந்திரமும் நலம். உன் நலம் தினமும் போனில் தெரிந்தாலும் ஆவல் மட்டும் தீர்ந்தபாடில்லை.

நிற்க. இது குடும்பக் கடிதம் அல்ல, ஆபீஸ் புகார். வெளிநாட்டுக் கிளைக்குப் போகும் முன் நீ எழுதிவைத்த ஆட்டோமேடிக் டெஸ்ட் என் மானத்தை வாங்குகிறது. இங்கே யார் புரோகிராமில் எதைத் தொட்டாலும் டெஸ்டுகள் தானாக ஓடும், எல்லாம் பச்சையானால்தான் மென்பொருள் வெளியே போகும் என்பது உனக்கே தெரியும். உன்னுடையது சர்வரிடம் வாடிக்கையாளரின் முகவரியைக் கேட்கிறது. மூன்று செகண்டில் வராவிட்டால் சிவப்பு. சிவந்துவிட்டுப் போகட்டும், கூடவே எல்லோரும் பார்க்கும் திரையில் நீ எழுதிய வாசகம் வேறு வருகிறது: "கேட்டு மூணு செகண்ட் ஆச்சு. இனிமே வர்ற பதில் எதுவும் உண்மையா இருக்காது." வீட்டில் என்னிடம் பேசுகிற அதே தொனி. பக்கத்து சீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

டெஸ்ட் தினமும் தோற்றாலாவது பரவாயில்லை. ஒருநாள் பச்சை, மறுநாள் சிவப்பு. டீமில் இருக்கும் சின்னப் பிள்ளைகளும் பழகிப்போய், "அக்கா கோவமா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, பச்சை வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். டீம் லீடர் பொறுமையிழந்து, ஒன்று சரிசெய், இல்லாவிட்டால் அழித்துவிடு என்றார். அழிக்க மனம் வரவில்லை. அந்த வாசகம் வருகிற நாட்களில் நீ இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. அதனால் மூன்று செகண்டைப் பத்தாக்கினேன். அன்றிலிருந்து ஒரே பச்சை. லீடர் கைகொடுத்தார். எனக்குத்தான் அதட்ட ஆளில்லாமல் ஆபீஸும் வீடு மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் வந்தது வினை. நம் மென்பொருள் வழியாக ஒருவர் வாங்கிய கட்டில், அவர் எப்போதோ காலிசெய்த வீட்டில் போய் இறங்கியது. அங்கே இப்போது குடியிருப்பவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, அதில் படுத்தும்விட்டார். தோண்டிப் பார்த்தால், சர்வர் தாமதமானால் எப்போதோ எடுத்துவைத்த பழைய முகவரியை நீட்டிச் சமாளிக்கிறதாம். தாமதமாக வந்த பதில் அத்தனையும் தப்பு. நீ கத்தியதெல்லாம் நியாயம். நாங்கள்தான் உன்னைக் கோபக்காரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

இன்னொரு விஷயம். இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருக்கட்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். தாராளமா இரு என்றேன். அதில் மாற்றமில்லை. இங்கே ஒரு குறையும் இல்லை. கட்டிலில் நீ படுக்கும் பக்கம் மடித்த துணியை வைத்துக்கொள்கிறேன், வசதியாகத்தான் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். எல்லா வேலையும் உனக்குப் பச்சையாகவே முடியட்டும்.

இப்படிக்கு,
உன் அதட்டலுக்கு ஏங்கும் கணவன்

பி.கு.: பத்தை மறுபடி மூன்றாக்கிவிட்டேன். அதை மாற்றும்போதுதான் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஞாபகம் வந்தது. நீ கேட்டதும் நான் பதில் சொல்லவில்லை. "ஏங்க, லைன்ல இருக்கீங்களா?" என்று நீ இரண்டு தரம் கேட்ட பிறகுதான் தாராளமா இரு என்றேன். அந்தப் பதிலைச் சிவப்பில் சேர்த்துக்கொள். கிளம்பி வா.